மொப்போ ஒன்பதும் வராந்தாக் கொடியும்

1. ஆளை முழுங்கிய மூட்டை

உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்த ஓர் ஆள் பீன் பேக்கில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று எந்த விமர்சனத்திலும் நான் படித்ததில்லை. ஆடி மாதத்தில் ஒரு காலை, குற்றாலத்தில் எங்கள் லாட்ஜ் வராந்தாவில் அதை நேரிலேயே பார்த்தேன்.

பரமசிவம் அண்ணாச்சி சிவகிரிக்காரர். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆடி பிறந்தால் குடும்பத்தோடு எங்கள் லாட்ஜுக்கு வந்துவிடுவார். கீழ்த்தளத்து நாலாம் நம்பர் அறைதான் வேண்டும். அன்று தலையிலிருந்து கால் வரை எண்ணெய் மினுங்க, இடுப்பில் துண்டோடு வராந்தாவுக்கு வந்தார். எண்ணெய் ஊறும்வரை உட்கார்ந்திருக்க அங்கே எப்போதும் ஒரு நீளமான மர பெஞ்சு கிடக்கும். இந்தத் தடவை அந்த இடத்தில் ஆரஞ்சு நிறத்தில் உருண்டைகள் அடைத்த மூட்டை மாதிரி ஒரு பீன் பேக் கிடந்தது. வேறு வழியில்லாமல் அதில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்று சொல்வது சரியில்லை. உள்ளே போனார்.

"ஏ தாயி, என்ன மூட்ட இது? ஆள முழுங்குது!"

எழுந்திருக்கக் கையை ஊன்றினார். கை வழுக்கியது. இரண்டு மகன்களும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். பிடி நழுவி இருவரும் பின்பக்கமாகப் போய், நான் புதிதாக வைத்திருந்த குரோட்டன்ஸ் தொட்டிகளின் மேல் விழுந்தார்கள். கடைசியில் பையைக் கவிழ்த்துத்தான் அண்ணாச்சியை வெளியே எடுத்தோம்.

அந்த நேரம் பார்த்து அவர் மனைவி செல்லம்மா மதினி அருவியில் குளித்துவிட்டு வந்தார். பிழிந்த புடவையை, எல்லா வருஷமும் செய்கிறபடி, அண்ணாந்துகூடப் பார்க்காமல் மேலே வீசினார். புடவை மேலே போய் சொத்தென்று தரையில் விழுந்தது. அங்கே கட்டியிருந்த துணி காயப்போடும் கொடியையும் நான் எடுத்துவிட்டிருந்தேன்.

"கொடிய எங்க?" என்றார்.

"இது இப்ப செல்ஃபி கார்னர், மதினி" என்றேன். சுவரில் அருவி ஓவியம் வரைய வைத்திருந்தேன்.

மதினி ஓவியத்தைப் பார்த்தார். வாசலுக்கு வெளியே பார்த்தார். "அருவி அங்கன இருக்கே தாயி. செவுத்துல எதுக்கு இன்னொண்ணு?"

ஒரு மணி நேரத்தில் அறையைக் காலி செய்துவிட்டார்கள். கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன். "வருத்தப்படாத தாயி, நாங்க அடுத்தாப்புல பாத்துக்கிடுதோம்" என்று அண்ணாச்சி தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர்கள் சமையலுக்குக் கொண்டுவந்திருந்த கேஸ் அடுப்பை என் வீட்டுக்காரர்தான் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து லாட்ஜ் வாசலில் வைத்துவிட்டு வந்தார். வந்து கவுண்டரில் உட்கார்ந்து அறைச் சாவிகளைத் துடைக்க ஆரம்பித்தார். அது அவர் அப்பா கட்டிய லாட்ஜ். மாற்றம் எல்லாம் நான் செய்தது.

அன்று மாலை ஆறரை மணிக்கு என் விமர்சனம் ஒன்றும் வெளிவர வேண்டியிருந்தது.

2. இந்த வேலைக்கு வந்த கதை

நான் வீடியோ கேம் விமர்சனம் எழுதுகிறவள். தென்காசிப் பக்கம் இதைச் சொன்னால் என்ன நடக்கும் என்று கேட்காதீர்கள். எதிர் வீட்டு அக்கா, "நாள் பூரா விளையாடுதியா? டாக்டர்ட்ட காட்டினியா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

பங்குனி, சித்திரையில் குற்றாலத்து அருவியில் பாறைதான் தெரியும். லாட்ஜில் ஈ ஓட்டுவோம். அப்படி ஒரு கோடையில், வெளியூர்க் கல்லூரியில் சேர்ந்த மகன் விட்டுப்போன கன்ட்ரோலரைக் கையில் எடுத்தேன். அதுவரை "அத அணைச்சிட்டு வந்து சாப்பிடுலே" என்று அவனிடம் கத்தியதுதான் இந்தத் துறையில் எனக்கு இருந்த அனுபவம். பிறகு ஓர் இணைய இதழில் வந்த விமர்சனத்தோடு சண்டை போட்டு நீளமாக ஒரு கமென்ட் எழுதினேன். அதன் ஆசிரியர் நிர்மலா, சென்னைக்காரி, "நீங்களே எழுதுங்களேன் அக்கா" என்று பதில் போட்டாள். விளையாட்டாகச் சொன்னாளோ என்னவோ, நான் பிடித்துக்கொண்டேன்.

எனக்கு வாய்த்தது மொப்போ என்ற கேம் தொடர். குண்டு உடம்பும் கையில் குடையுமாக ஒரு நீர்நாய். மிதக்கிற தீவுகளில் தாவித் தாவிப் போய் மணிகளைச் சேர்க்கும். உயரத்திலிருந்து குதித்தால் குடையை விரித்து இறங்கும். குழியில் விழுந்தாலும் சாகாது, ஒரு மேகம் வந்து தூக்கிவிடும். ஒவ்வொரு உலகத்தின் கடைசியிலும் ஒரு பாஸ் ஃபைட். மீசை வைத்த நண்டு, மூக்கடைத்த யானை என்று யாராவது வழிமறிப்பார்கள். தோற்றதும் மன்னிப்புக் கேட்டு டீக்குக் கூப்பிடுவார்கள். பல வருஷமாக இதே கதைதான்.

நான் முதலில் விமர்சித்தது ஆறாம் பாகம். முதல் குழியையே தாண்ட முடியாமல், "கேமரா கோணம் சரியில்லை" என்று கண்டித்து எழுதினேன். ஒரு வாசகர் கீழே பதில் போட்டார்: "அக்கா, நீங்க அமுக்குறது குடை பட்டன். ஜம்ப் பட்டன் பக்கத்துல இருக்கு."

அந்தக் கமென்டை இதழ்க்காரர்கள் இன்னும் நீக்கவில்லை. நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன். அதன் பிறகு தொடரை முதல் பாகத்திலிருந்து வரிசையாக விளையாடி முடித்தேன்.

3. புதுசாக என்ன இருக்கிறது?

ஆனி மாதம் மொப்போ ஒன்பது வந்தது, எம்பார்கோவோடு. தயாரிப்பாளர்கள் விமர்சகர்களுக்கு முன்கூட்டியே கேமை அனுப்பிவிட்டு, இன்ன நாள் இன்ன நேரம் வரை வாய் திறக்கக் கூடாது என்று போடும் நிபந்தனைக்கு அந்தப் பெயர். வாய் திறக்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

வாய்க்குத்தான் பூட்டு, கைக்கு இல்லையே. விளையாடிக்கொண்டே எழுதவும் ஆரம்பித்தேன். முதல் வரி இப்படி விழுந்தது: "அதே நீர்நாய், அதே குடை, அதே மணி. எல்லாம் போன தடவை மாதிரியே இருக்கிறது." எழுதிவிட்டு நானே இரண்டு தடவை வாசித்துப் பார்த்து ரசித்தேன். எப்போதும் பாராட்டிக்கொண்டே இருந்தால் நம்மை விமர்சகர் என்று யார் மதிப்பார்கள்?

அந்தச் சமயத்தில்தான் ஐந்தருவி ரோட்டில் நீச்சல் குளத்தோடு ஒரு ரிசார்ட் வந்தது. வீட்டுக்காரருக்குக் கவலை பிடித்துக்கொண்டது.

"ஏட்டி, நம்ம லாட்ஜுக்கும் எதாச்சும் செய்யணுமோ? நீதான் உலகத்துச் சாமான எல்லாம் பாத்துக் குத்தம் சொல்லுத. இதையும் ஒரு தடவ பாத்துச் சொல்லேன்."

என்னை விமர்சகராக மதித்து ஒருவர் கேட்டுவிட்டார், அதுவும் கட்டின புருஷன். தலைகால் புரியவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு லாட்ஜைச் சுற்றி வந்தேன்.

"நுழைஞ்சதும் ஈரத்துணி மூஞ்சில அடிக்குது. ஃபர்ஸ்ட் இம்ப்ரெஷனே போச்சு. கொடிய எடுங்க. இந்த பெஞ்சு எந்தக் காலத்துது? இதையும் எடுங்க. புதுசா எதாச்சும் இருந்தாத்தான வருவாங்க."

அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "சாரல்ல துணி எங்கட்டி காயும்?"

"ரூமுக்கு ஒரு ஸ்டாண்டு வாங்கிப் போடுவோம்."

வாங்கிப் போட்டோம். அது இரண்டு துண்டும் ஒரு பனியனும் தாங்கும். குற்றாலத்துக்கு வருகிறவர்கள் காலையில் ஒரு குளியல், மத்தியானம் ஒரு குளியல், சாயங்காலம் இன்னொன்று போடுவார்கள். வெயில் எட்டிப் பார்க்காது. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு இதெல்லாம் தெரியாதா? தெரியும். விமர்சகருக்குத்தான் தெரியவில்லை.

சீசன் ஆரம்பத்தில் ஒரு ராத்திரி மட்டும் தங்கும் பையன்கள் வந்து ஓவியத்தின் முன்னால் நின்று படம் எடுத்தார்கள். பார்த்தீர்களா என்று வீட்டுக்காரரிடம் கண்ணாலேயே கேட்டேன். ஆடி பிறந்ததும் ஒரு ராத்திரி அண்ணாச்சி குடும்பம் வந்தது. மறுநாள் காலையில் மூட்டை ஆளை முழுங்கியது. அதுவரை தங்கியவர்களுடைய ஈர லுங்கிகள் ஃபேனிலும் ஜன்னலிலும் தொங்கியதை நான் பார்க்கவே இல்லை. கடைசி உலகத்தின் பாஸ் ஃபைட்டில் இருந்தேன்.

4. நிர்மலாவின் சந்தேகம்

அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. விமர்சனத்தை முந்தின நாளே அனுப்பியிருந்தேன். பத்துக்கு ஐந்து போட்டிருந்தேன்.

"அக்கா, ஒரு டவுட்" என்றாள் நிர்மலா. "முதல் பாராவுல புதுசா எதுவுமே இல்லன்னு திட்டுறீங்க. அஞ்சாவது பாராவுல ஜம்ப் சத்தத்தை ஏன் மாத்தினாங்கன்னு அழுறீங்க. ரெண்டுல எது?"

"ரெண்டுந்தான்."

"அது எப்படிக்கா? ஒரு சின்ன சத்தம். அதுல என்ன வந்துச்சு?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன வந்துச்சா? எட்டு பாகமா 'பொய்ங்'குன்னு ஒரு சத்தம் வரும். அதக் கேட்டுத்தான் ரெண்டாவது ஜம்ப்ப அமுக்குவேன். ஸ்க்ரீனப் பாக்கவே மாட்டேன். இப்ப அங்கன 'டிங்'குன்னு என்னமோ வச்சிருக்கான். எப்ப அமுக்கன்னே தெரியல. பழக்கத்துல கை அதுபாட்டுக்குப் போகுது, போனா அங்கன ஒண்ணும் இல்ல. பொத்துன்னு குழிக்குள்ள விழுதேன்!"

சொல்லிக்கொண்டே குனிந்தேன். செல்லம்மா மதினியின் புடவை விழுந்த இடத்தில் தரை இன்னும் ஈரமாக இருந்தது.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

"மாத்தி எழுதித் தாரேன், நிர்மலா."

"ஆறரைக்குள்ள அக்கா. எம்பார்கோ முடியிற நிமிஷத்துல போடணும்."

போனை வைத்துவிட்டுக் கவுண்டருக்குப் போனேன். வீட்டுக்காரர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி மனசு ஆறியிருப்பேன். அவர் சாவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கொடிக் கயிறு..."

"மோட்டார் ரூம்ல இருக்கு."

"தூக்கிப் போடச் சொன்னேனே?"

"சொன்ன."

மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் பெஞ்சையும் பத்திரமாக வைத்திருந்தார். இருவருமாகத் தூக்கிவந்து பழைய இடத்தில் போட்டோம். கொடியைப் பழைய ஆணிகளிலேயே கட்டினார்.

அண்ணாச்சி ஐந்தருவிக்குப் போயிருப்பதாகப் பக்கத்து லாட்ஜில் சொன்னார்கள். குடையை எடுத்துக்கொண்டு நானும் அங்கே ஓடினேன். தண்ணீர் கூடிவிட்டது, குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். எண்ணெய் தேய்த்த கூட்டம் தடுப்புக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நடுங்கிக்கொண்டு நின்றது. அதில் அண்ணாச்சியும் நின்றார்.

"அண்ணாச்சி, கொடியக் கட்டியாச்சி. பெஞ்சும் வந்துட்டு. நாலாம் நம்பர் அப்படியே இருக்கு. வாங்க அண்ணாச்சி."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அங்கன துணிய எல்லாம் காயப்போட்டாச்சே, தாயி" என்றார்.

குற்றாலத்தில் அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. ஈரத்துணியைக் கொடியிலிருந்து எடுத்துக்கொண்டு யாரும் லாட்ஜ் மாற மாட்டார்கள். "அடுத்த ஆடிக்கு வருவீயளா அண்ணாச்சி?" என்று கேட்டேன். அவர் அருவியைப் பார்த்தபடியே, "அப்பப் பாப்போம்" என்றார். புகார் கொடுக்க வந்தவர்களிடம் அந்தக் காலத்தில் இதே குரலில்தான் சொல்லியிருப்பார்.

திரும்பி வந்து எழுத உட்கார்ந்தேன். முதல் வரியை மாற்றவில்லை. அதற்கு அடுத்ததையெல்லாம் மாற்றினேன். மொப்போவை எடுப்பவர்கள் புது ஊர் பார்க்க வருகிறவர்கள் இல்லை, வருஷா வருஷம் அதே தண்ணீரில் தலையைக் கொடுக்க வருகிறவர்கள் என்று எழுதினேன். மீசை நண்டு டீக்குக் கூப்பிடும்போது எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது என்பதையும் ஒப்புக்கொண்டேன். ஜம்ப் சத்தத்தை மாற்றியதை மட்டும் வஞ்சகமில்லாமல் திட்டினேன். எட்டு மார்க் போட்டு, ஆறே காலுக்கு அனுப்பினேன்.

உடனே போன். "நேத்து அஞ்சு, இன்னைக்கு எட்டா? நடுவுல என்னக்கா ஆச்சு?"

"துணி காயல" என்றேன். அவளுக்கு எப்படி விளக்குவது?

5. அடுத்த ஆடி

பீன் பேக்கைக் கொல்லைப்பக்கம் போட்டேன். குரங்குகள் அதில் ஒரு வாரம் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தன. பிறகு கிழித்துவிட்டன. உள்ளிருந்த வெள்ளை உருண்டைகள் காற்றில் பறந்து ரோடெல்லாம் கிடந்தன. புதுமை என்று பேச ஆரம்பித்தால் எங்கள் தெருவில் இன்னும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

விமர்சனம் எழுத வருகிற பிள்ளைகள் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். ஜம்ப் பட்டன் எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள் என்பேன். தொடரின் அடுத்த பாகம் கைக்கு வந்தால், புதுசாக என்ன இருக்கிறது என்று கேளுங்கள், தப்பில்லை. ஆனால் பழையதில் எதை எடுத்திருக்கிறார்கள், அதை நம்பி யாருடைய கை நீளும் என்பதையும் பார்த்துவிட்டு மார்க் போடுங்கள். எனக்கு அது புரிய ஒரு குடும்பத்தைப் பக்கத்து லாட்ஜுக்கு அனுப்ப வேண்டியிருந்தது.

அடுத்த வருஷம் ஆடி பிறந்தது. அண்ணாச்சி முன்கூட்டியே சொல்லிவிட்டு வருகிறவர் இல்லை. வந்த ஆட்களுக்கெல்லாம் நாலாம் நம்பர் இல்லை என்று என் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். சீசனில் அறையைச் சும்மா போடலாமா? "ஆள் வந்தா குடுத்துருங்களேன், அவங்க வரலேன்னா?" என்று கேட்டேன். "இருக்கட்டும்" என்றார். வாசலில் வேன் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் தலை நிமிர்வதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

மூன்றாம் நாள் வேன் வந்தது. அண்ணாச்சி இறங்கி, சாமானை இறக்க விடாமல் தனியாக வராந்தாவுக்கு வந்தார். சோதனை போட வந்தவர் மாதிரி சுற்றிப் பார்த்தார். பெஞ்சைக் கையால் அழுத்தினார். உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்து பார்த்தார்.

"எல்லாம் இருந்த மாதிரியே இருக்குலா?" என்று என்னைக் கேட்டார்.

"அப்படியே இருக்கு அண்ணாச்சி."

"அடுப்ப எறக்குங்கலே" என்று வேனைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

சாயங்காலம் செல்லம்மா மதினி அருவியிலிருந்து வந்தார். யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டே வராந்தாவில் ஏறி, பிழிந்த புடவையை மேலே வீசினார். அண்ணாந்து பார்க்கவில்லை. புடவை கொடியில் விழுந்து, இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கியது. பேச்சை நிறுத்தாமல் உள்ளே போய்விட்டார்.

நான் கவுண்டரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டதற்குச் சாரல் அடிக்குது என்றார்.