வெல்வெட்டுத் தூணைத் தொடாத பூனை

என் வீட்டுக்காரருக்குத் தெருவில் சோபாக்காரர் என்றுதான் பெயர். கிழிந்த சோபாவுக்குப் புதுத்துணி போடுவது தொழில். வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து அடிப்பார். அந்த நேரத்தில் மட்டும்தான் மனுஷன் பேசாமல் இருப்பார். துணியில் ஒரு சுருக்கம் இருக்கக்கூடாது, ஒரு நூல் தொங்கக்கூடாது. விருந்துக்குப் போன இடத்தில்கூட நாற்காலியைக் கவிழ்த்து அடிப்பக்கம் பார்த்து என் மானத்தை வாங்கியிருக்கிறார்.

இப்படிப்பட்டவர் வீட்டுக்கு அவருடைய அக்கா, கணவரை இழந்த கையோடு, ஒரு பெட்டியும் ஒரு பூனையுமாக வந்து சேர்ந்தார். தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர்; நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அவரை வரவேண்டாம் என்று சொல்ல இவருக்கு வாய் வருமா? ஆனால் பூனை விஷயம் வேறு. எங்கள் கூடத்துச் சோபாவைப் பார்த்துத்தான் வாடிக்கையாளர்கள் வேலை கொடுப்பார்கள். வந்த வாரமே பூனை அதன் கைப்பிடியைப் பிறாண்டி நார்நாராக்கிவிட்டது.

நகம் வெட்டினோம். எலுமிச்சைச் சாறு தெளித்தோம். ஒட்டுநாடா ஒட்டினோம், மகாராணி அடுத்த கைப்பிடிக்குப் போய்விட்டது. "பிறாண்டறது அதோட சுபாவம். அதுக்குன்னு தனியா ஏதாவது வச்சுக் கொடுங்க" என்றார் கால்நடை மருத்துவர்.

கொடுத்தார் இவர், பாருங்கள்! ஒரு தூண் செய்தார். வழவழவென்று வெல்வெட்டு, நகம் நுழைய இடமில்லாமல் இழுத்து அடித்தது. கூடத்தின் அழகு கெடுமாம், அதைக் கொண்டுபோய்ப் பின்னறை மூலையில் வைத்தார்.

"ஏங்க, இது பூனைக்கா, கண்காட்சிக்கா?" என்று கேட்டேன்.

"தொழில் தெரியாம பேசாதே" என்றார்.

பூனை அதை மோந்து பார்த்தது. நேராகச் சோபாவுக்குப் போனது.

அன்றைக்குத்தான் அவர் அந்த வார்த்தையை விட்டார். "அக்கா, இந்த வீட்டுல ஒண்ணு பூனை இருக்கணும், இல்ல சோபா இருக்கணும். நீயே முடிவு பண்ணிக்கோ."

அண்ணி ஊர்க்கோடியில் ஓர் அறை பார்த்து, பூனையைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இவர் தடுக்கவில்லை. கோபம் ஆறினால் தானே வருவார் என்று நினைப்பு. பாழாய்ப்போன வறட்டுப் பிடிவாதம்!

மழைக்காலம் முழுக்கக் காத்திருந்துவிட்டுக் கடைசியில் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அறையில் ஒரு கட்டில், இரண்டு பழைய குஷன் நாற்காலிகள். நாற்காலிகளில் ஒரு கீறல் இல்லை. கட்டிலை ஒட்டி, சாக்கு சுற்றிய உயரமான கட்டை ஒன்று நின்றது. பூனை தூங்கி எழுந்து, எம்பி நின்று, எங்கள் கண்ணெதிரே அதைப் பரபரவென்று பிறாண்டியது.

"எப்படிக்கா?"

"சொரசொரன்னு இருந்தா அதுக்குப் பிடிக்குதுடா. தூங்கி எழுந்ததும் பக்கத்துலயே இருக்கணும். கொஞ்ச நாள் கூடவே உட்கார்ந்து பார்த்தேன், புரிஞ்சுது."

இத்தனை வருஷம் துணியோடு மல்லுக்கட்டியவர், பூனைக்கு என்ன வேண்டும் என்று ஒரு நாள் நின்று பார்த்ததில்லை.

"தப்பு பண்ணிட்டேன்க்கா. வீட்டுக்கு வந்துடு. இந்தக் கட்டையைக் கூடத்துலயே, சோபா பக்கத்துலயே வச்சுக்கலாம்."

அண்ணி அவர் தலையைக் கோதிவிட்டார். "அன்னைக்கே சொல்லியிருந்தா இருந்திருப்பேன்டா. அங்க ஒரு நாளும் நான் நிம்மதியா தூங்கல. பூனை எங்க நகத்தை வைக்குமோ, நீ என்ன சொல்லுவியோன்னு திக்குதிக்குன்னு முழிச்சுக்கிட்டே கிடப்பேன். இங்கதான் கண்ணசந்து தூங்கறேன். என்னை விட்டுடு."

என் வீட்டுக்காரர் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார்.