கேட்காத படம்

அந்த ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு என்பதே பலருக்கு மறந்துபோயிருந்தது. குழந்தைகள் வார்டில் யாரோ 'எலும்பு மாமா' என்று கூப்பிட, பெரிய டாக்டர் வரைக்கும் அதுவே நிலைத்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்து இருபத்தாறு வருஷம். அடம்பிடிக்கும் பிள்ளையிடம், "உள்ள இருக்கற எலும்பு போட்டோவுக்கு நிக்குது. நீ ஆடினா அது கோவிச்சுக்கும்" என்பார். பிள்ளை அழுகையை நிறுத்தி யோசிக்கும் அந்த ஒரு நொடியில் படம் எடுத்து முடித்துவிடுவார்.

சில நாட்களில் சக்கரம் வைத்த மெஷினைத் தள்ளிக்கொண்டு பின்கட்டில் இருக்கும் பிணவறைக்கும் போகவேண்டியிருக்கும். அங்கே வேடிக்கைப் பேச்சுக்கு இடமில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பிரேதப் பரிசோதனை செய்யும் டாக்டரம்மா கூப்பிட்டனுப்பினார். "நாலரை மாசக் குழந்தை. தூக்கத்துலயே மூச்சு நின்னுடுச்சுன்னு சொல்றாங்க. தலையிலேர்ந்து கால் வரைக்கும் எடுத்துடுங்க."

எடுத்தார். திரையில் படம் வந்தது. முதுகுத்தண்டை ஒட்டிய விலா எலும்புகளில் வரிசையாகச் சின்னச் சின்ன முடிச்சுகள். முறிந்து, தானாக ஒட்டிக்கொண்ட இடங்கள். இடது மேற்கையில் இன்னொரு பழைய முறிவு.

"இந்தக் கைக்கு யாரோ கட்டுப் போட்டிருக்காங்களே" என்றார் டாக்டரம்மா, தோலில் இருந்த தடத்தைப் பார்த்து.

எலும்பு மாமா மெஷினை அங்கேயே விட்டார். தன் அறைக்கு ஓடிப்போய்க் கம்ப்யூட்டரில் தேடினார். ஆறு வாரத்துக்கு முன்னால் அதே குழந்தை, அதே இடது கை. படம் எடுத்தவர் என்ற இடத்தில் அவருடைய பெயர்.

எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. "கட்டில்லேர்ந்து விழுந்துட்டான்" என்று சொன்ன அந்தத் தாய். மூன்று மாதக் குழந்தை, புரளவே தெரியாதது எப்படி விழும் என்று ஒரு கணம் மனசுக்குள் உறுத்தியது. மார்பைச் சுற்றிப் பிடித்துத் திருப்பியபோது குழந்தை வீறிட்டது. பலகை சில்லென்று இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டார். வெளியே பதினைந்து பேர் காத்திருந்தார்கள். டாக்டர் சீட்டில் கை என்று எழுதியிருந்தது. கையை மட்டும் எடுத்து அனுப்பினார்.

தலைக்குள் ரத்தம் கசிந்து குழந்தை இறந்தது என்று அறிக்கை வந்தது. பிடித்து உலுக்கியதில் வந்த கசிவு. போலீஸ் வந்ததும் தாய் மறைக்கவில்லை. புருஷன் வேலைக்காக வெகுதூரத்தில். பிரசவத்துக்குப் பிறகு அவளுக்குக் கண்மூடித் தூங்கிய நாளே இல்லை. "அழுகையை நிறுத்தத்தான் உலுக்கினேன்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

வீடு வீடாகப் போய்க் குழந்தைகளுக்கு எடை பார்க்கும் நர்ஸ் இதைக் கேட்டு எக்ஸ்ரே அறையில் வந்து உட்கார்ந்து அழுதார். "நான் மூணு தடவை அந்த வீட்டுக்குப் போயிருக்கேன் அண்ணே. எனக்குத் தூக்கமே வரலை சிஸ்டர்னு சொன்னா. கைக்குழந்தை இருக்கற வீட்டுல யாரும்மா தூங்கறாங்கன்னு சிரிச்சுட்டு வந்துட்டேன். அட்டையில எடை, தடுப்பூசி, பால் எல்லாத்துக்கும் கட்டம் இருக்கு. அவளுக்குன்னு ஒரு கட்டம் இல்லை."

வீட்டில் எலும்பு மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"உங்களை யாரும் ஒண்ணும் சொல்லலையே" என்றாள் மனைவி.

"ஒருத்தராவது சொல்லியிருந்தா திருப்பிச் சண்டை போட்டிருப்பேன். இப்ப யார்கிட்டப் போய்ச் சண்டை போடறது?"

வழக்கு வந்தது. ஆஸ்பத்திரித் தலைவர் அவரைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "கேட்ட படத்தை எடுத்தேன்னு சொல்லிட்டு இறங்கிடுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேணாம். உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது."

அப்படிச் சொல்லிவிடத்தான் நினைத்திருந்தார். கூண்டில் ஏறியதும் எதிரே அவளைப் பார்த்தார். தலை குனிந்திருந்தாள், தன் மகளின் வயசுதான் இருக்கும்.

"முதல் தடவை வந்தப்போ உங்களுக்குச் சந்தேகம் எதுவும் வரலையா?" என்று கேட்டார் அரசு வக்கீல்.

"வந்துதுங்க. நெஞ்சைப் பிடிச்சப்போ குழந்தை வலியில கத்துச்சு. டாக்டர்கிட்டச் சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டுட்டேன்."

அறையில் சலசலப்பு எழுந்து அடங்கியது. தாயின் வக்கீல் எழுந்தார். "அன்னைக்கு அந்தப் பொண்ணு எப்படி இருந்தா?"

"குழந்தையை எங்கிட்டக் கொடுத்துட்டுச் சுவரோரமாப் போய் நின்னுட்டாங்க. படம் எடுத்து முடிச்சும் வாங்கிக்க வரலை. ரெண்டு தடவை கூப்பிட்டேன். தூக்கவே பயந்த மாதிரி இருந்துது. எனக்கு அப்ப அது விளங்கலை."

அவள் அப்போதுதான் தலையைத் தூக்கினாள்.

அந்தச் சாட்சியத்துக்குப் பிறகு மனநல டாக்டர் அவளைப் பரிசோதிக்க நீதிபதி உத்தரவிட்டார். பிரசவத்தோடு வந்த கடுமையான மனநோய் என்று அறிக்கை வந்தது. தண்டனை குறைந்தது, சிறைக்குப் பதில் முதலில் சிகிச்சை. குழந்தை போனது போனதுதான். 

கோர்ட்டில் அப்படிச் சொன்னதற்கு விளக்கம் கேட்டு ஆஸ்பத்திரியில் எலும்பு மாமாவுக்கு ஒரு கடிதம் வந்தது. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனார். அதற்குள் டாக்டரம்மா பழைய கோப்புகளைத் தூசி தட்டிக்கொண்டிருந்தார். எட்டு வருஷத்தில் வீட்டாரின் கையால் இறந்ததாக முடிவான கைக்குழந்தைகள் பத்தொன்பது. அதில் பதினொன்று, இறப்பதற்கு முன் ஏதோ ஒரு காயத்தோடு இதே ஆஸ்பத்திரி வாசலை மிதித்தவை.

"என் மேசைக்கு வந்தப்புறம் நான் எவ்வளவு சரியா எழுதினாலும் என்ன பிரயோஜனம்? உங்க மேசையிலயே நிறுத்தணும்" என்றார்.

மதியச் சாப்பாட்டு நேரங்களில் டாக்டரம்மா, நர்ஸ், எலும்பு மாமா மூவரும் கூடி ஒரு பக்கத்தில் புது விதிகளை எழுதினார்கள். நடக்கத் தெரியாத குழந்தைக்கு எலும்பு முறிந்திருந்தால், கேட்டாலும் கேட்காவிட்டாலும் முழு உடம்புக்கும் படம். அதே நாளில் நர்ஸ் வீட்டுக்குப் போகவேண்டும். அட்டையில் தாய்க்கும் கட்டம்: தூங்குகிறாளா, உதவிக்கு யார், பிள்ளையைத் தனியாக வைத்துக்கொள்ளப் பயமாக இருக்கிறதா.

"பெத்தவங்களை எல்லாம் சந்தேகப்படறதா?" என்று தலைவர் குதித்தார். தொண்டை வறளும் வரை பேசித்தான் கையெழுத்து வாங்கினார்கள்.

முதலில் வந்தது ஒரு பெண் குழந்தை, கால் முறிவு. முழுப் படம் என்றதும் தகப்பன் சட்டையைப் பிடிக்காத குறை. "என்னைக் கொலைகாரன்னு நினைச்சியா?" எலும்பு மாமா முழுப் படத்தையும் எடுத்தார். பிறவியிலேயே எலும்பு பலமில்லாத நோய் என்று தெரிந்தது. தூக்கும் விதத்தைக் கற்றுக்கொடுத்து, மருந்து ஆரம்பித்தார்கள். அடுத்த முறை வந்த அதே தகப்பன், "மாமா, இன்னைக்கும் முழுசா எடுப்பீங்களா?" என்று அசட்டுச் சிரிப்புச் சிரித்தான்.

மழைக்காலத்தில் இரண்டு மாதக் குழந்தை ஒன்று வந்தது. கேட்டது கணுக்கால். முழுப் படத்தில் விலாவில் இரண்டு முடிச்சுகள் தெரிந்தன. எலும்பு மாமா அந்தத் தாய்க்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உட்காரும்மா. அவசரமே இல்லை. குழந்தை இங்க வார்டுலயே இருக்கட்டும், நீயும் கூட இரு" என்று சொல்லிவிட்டு டாக்டரையும் நர்ஸையும் அழைத்தார். அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அன்று சாயங்காலமே நர்ஸ் அவளுடைய அக்காவைக் கையோடு அழைத்து வந்துவிட்டார்.

அந்தக் குழந்தை இப்போது நடக்கிறது. தடுப்பூசிக்கு வரும்போதெல்லாம் எக்ஸ்ரே அறைக் கதவைத் தட்டிவிட்டு ஓடுகிறது.