எந்த மாடியில் இருக்கிறீர்கள்?

லோகேஸ்வரிக்கு அந்த வேலை கிடைத்தபோது கணவர் மோகனராஜ் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

அதற்கு முன் அவள் புக்கிட் தெங்காவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் இருந்தாள். உருப்பெருக்கியில் கண்ணை வைத்து, நல்ல சர்க்யூட் பலகையை ஒரு தட்டிலும் பழுதானதை இன்னொரு தட்டிலும் போடும் வேலை. ஆட்குறைப்பில் அது போனது. மூன்று மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மோகனராஜ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். டத்தோ கிராமாட்டில் அவர்கள் இருந்தது பதினைந்து மாடி பிளாட்டின் பன்னிரண்டாவது மாடி. அன்று இரண்டு லிஃப்டும் ஓடவில்லை. ஆம்புலன்ஸ் ஆட்கள் ஏறி வந்து, துணி ஸ்ட்ரெச்சரில் அவரைப் படி வழியாகத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். கீழே வந்தபோது உயிர் இல்லை. சீக்கிரம் கொண்டுவந்திருந்தாலும் பிழைத்திருப்பார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். லோகேஸ்வரி தலையாட்டினாள். அன்றைக்கு அவள் அழவில்லை. அதற்குப் பிறகும் அழவில்லை. சோறு ஆக்கினாள், துணி காயப்போட்டாள், டிவியைப் போட்டுவிட்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேலை இதுதான்: வீடு வீடாகப் போய், இந்த வட்டாரத்தில் வாழ்வது எவ்வளவு திருப்தி என்று கேட்க வேண்டும். ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண். பிறகு பத்து விஷயங்களைப் படித்துக் காட்டி, முதலில் எதைச் சரிசெய்ய வேண்டும் என்று மூன்றை வரிசையாகச் சொல்லச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் டேப்லட்டில் தட்ட வேண்டும். ஆய்வு நடத்திய நிறுவனத்தின் மேற்பார்வையாளர் சுபாஷினி, பட்டியலில் அந்த பிளாட்டைப் பார்த்ததும் கூப்பிட்டாள்.

“அக்கா, இது உங்க பிளாட்தானே? வேற எடம் மாத்தித் தரவா?”

“வேணாம்மா. இங்கன்னா கதவு தொறப்பாங்க.”

அவளுடைய வீட்டில் அவளே கேள்வி கேட்கக் கூடாது என்பது விதி. அதனால் அந்த ஒரு வீட்டுக்கு சுபாஷினியே வந்தாள். திருப்தி எத்தனை என்றாள். “மூணு,” என்றாள் லோகேஸ்வரி.

“ஏன்க்கா மூணு?”

“அது நடுவுல இருக்கு.”

சுபாஷினி மூன்றைத் தட்டினாள்.

மூன்றாவது மாடியில் திருநாவுக்கரசு கதவைத் திறந்தார். வேன் வைத்துப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குபவர். பட்டியலை முழுதாகப் படிக்க விடவில்லை.

“மொதல்ல பார்க்கிங் போடுமா. என் வேனுக்குப் பின்னால ரெண்டு காரை நிறுத்திட்டுப் போயிடறானுங்க. ஹார்ன் அடிச்சே காலைல அரைமணி நேரம் போவுது லா. லிஃப்டுன்னு வேற போட்டிருக்கீங்க, மூணாவது மாடிக்கு லிஃப்டு எதுக்கு…”

நின்றுவிட்டார். யாரிடம் பேசுகிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

“ரெண்டாவது என்ன போடணும், அண்ணே?” என்றாள் லோகேஸ்வரி.

“லிஃப்டே போட்டுக்கோமா.”

“எனக்காகச் சொல்றீங்களா?”

அவர் வேன் சாவியைக் கை மாற்றினார்.

“உங்களுக்கு எது வேணும்னு சொல்லுங்க. அதைத்தான் நான் எழுதணும்.”

“அப்படின்னா குப்பை,” என்றார் அவர், வாசலைப் பார்த்துக்கொண்டே. அவள் குப்பையைத் தட்டினாள்.

மூன்று வாரத்தில் நூற்றுப்பதினான்கு வீடுகள் முடிந்தன. எட்டு வீடுகளில் மூன்று முறை போயும் ஆள் இல்லை. பக்கத்து வீட்டு ஆசியா பீவி அதைக் கேள்விப்பட்டு வந்தார். முட்டிவலிக்காரர், லிஃப்ட் நின்றுபோனால் நாள்கணக்கில் கீழே இறங்காதவர்.

“எட்டுலயும் லிஃப்டுன்னு போட்டுடு, லோகேசு. யாருக்குத் தெரியப்போவுது? ஒம் புருசனுக்குச் செய்யறதா நெனச்சுக்க.”

அவர் போன பிறகு லோகேஸ்வரி மேசை முன் உட்கார்ந்தாள். பதினான்காவது மாடியில் பூட்டிக்கிடந்த ஒரு வீட்டை எடுத்து, லிஃப்ட் என்று தட்டி அனுப்பினாள். நன்றி என்று திரை சொன்னது. கோபமோ ஆறுதலோ ஏதாவது வரும் என்று கொஞ்சநேரம் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. பழுதான பலகையைத் தெரிந்தே நல்ல தட்டில் போட்டதுபோல் கை மட்டும் உறுத்தியது. சுபாஷினிக்கு போன் செய்தாள்.

“ஒரு வீடு பொய்யாப் போட்டுட்டேன். எடுத்துடுங்க.”

“ஒண்ணுதானேக்கா…”

“எடுத்துடுங்கம்மா.”

மிச்சம் ஏழு வீடுகளையும் ஆள் இல்லை என்றே குறித்தாள்.

முடிவைச் சொல்லும் கூட்டம் கீழே மண்டபத்தில் நடந்தது. வீட்டுவசதி அதிகாரி ஒருவர் திரையில் காட்டினார். சராசரித் திருப்தி மூன்று புள்ளி எட்டு. முதலாவது பார்க்கிங், இரண்டாவது குப்பை. லிஃப்ட் நான்காவது. மக்கள் பெரும்பாலும் திருப்தியாக இருக்கிறார்கள் என்றார். சிலர் கைதட்டினார்கள். ஆசியா பீவி லோகேஸ்வரியின் முழங்கையை இடித்தார். “எந்திரிச்சுக் கேளு.”

எழுந்தாள். என்ன சொல்லப்போகிறாள் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மோகனராஜைப் பற்றிப் பேசவில்லை.

“எல்லார்கிட்டயும் எந்த மாடின்னு கேட்டு எழுதியிருக்கேன். மாடி வாரியா பிரிச்சுப் பார்த்தீங்களா?”

அதிகாரி சுபாஷினியைப் பார்த்தார். அவள் மடிக்கணினியைத் திறந்தாள். நாலைந்து நிமிடம் எண்களைப் பிரித்துப் பார்த்தாள். பிறகு அவளே வாசித்தாள். எட்டாவது மாடிக்கு மேல், ஐந்து வீட்டில் நான்கு வீடு லிஃப்டைத்தான் முதலில் சொல்லியிருந்தது. மேல் மாடிகளில் பாதி வீடு காலி, பட்டியலிலேயே இல்லை; கீழேதான் கூட்டம். அதனால் மொத்தக் கணக்கில் அது அமுங்கிப்போயிருந்தது.

“எல்லாம் உண்மையான பதில்தானா?” என்று அதிகாரி கேட்டார்.

“ஆமா சார்,” என்றாள் லோகேஸ்வரி. “ஒண்ணு தப்பா இருந்துச்சு. எடுத்தாச்சு.”

அவர் எழுதிக்கொண்டார்.

அடுத்த மாதம் பார்க்கிங்குக்கு வெள்ளைக் கோடு போட்டார்கள். திருநாவுக்கரசு அதற்கு நன்றி சொல்ல வந்தார். பாதியில் பேச்சை மாற்றி மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார். ஆறு மாதம் கழித்து ஒரு லிஃப்டை முழுதாகக் கழற்றிப் புதிதாக மாட்டினார்கள். முதல் நாள் ஆசியா பீவி மூன்று முறை ஏறி இறங்கினார். எல்லோரும் லோகேஸ்வரியால் வந்தது என்றார்கள். அப்படியெல்லாம் இல்லை என்று அவள் சொன்னாள். அடக்கத்துக்காகச் சொன்னதல்ல. சந்தோஷப்பட வேண்டிய இடம் இது என்று தெரிந்தது. தெரிந்ததோடு சரி.

சுபாஷினி அவளை அடுத்த ஆய்வுக்கும் எடுத்துக்கொண்டாள். இந்த முறை நிபோங் திபால் பக்கம், பைராம் தோட்டம். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு டேப்லட்டைப் பையில் போட்டு, கதவைப் பூட்டி, புது லிஃப்டுக்குள் நின்றாள். கீழே வந்துசேர ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கதவு திறந்தது. லோகேஸ்வரி வெளியே வந்து, காத்திருந்த பெண் ஏறுவதற்கு வழிவிட்டு நின்றாள். பிறகு சாலையைக் கடந்து பஸ் நிறுத்தத்துக்குப் போனாள்.