தொழுக்கட்டை கிடந்த சாவடி

கோவில்பதாகைச் சாவடியில் ஒரு தொழுக்கட்டை கிடந்தது. இரண்டு பலகை, நடுவே கால் நுழைய ஓட்டைகள். குற்றம் என்று மணியக்காரர் சொன்னால் ஊர்க்காரனுக்கு அபராதம், சேரிக்காரனுக்குக் கட்டை. வெள்ளைக்காரன் அதைச் சட்டமாகவே எழுதிக் கொடுத்திருந்தான். சட்டை போட்டுக்கொண்டு ஊர்த்தெருவில் நடந்ததற்காக என் புருஷன் இளவட்டத்தில் ஒரு பகல் முழுக்க அதில் கிடந்தவர். ராஜா, வைஸ்ராய் எல்லாம் கேள்விப்பட்டதோடு சரி. எங்களுக்கு அரசாங்கம் என்றால் அந்தக் கட்டைதான்.

பிறகு சட்டம் போயிற்று, கட்டை போகவில்லை. மணியக்காரர் கூப்பிட்டு அனுப்பினால் எங்கள் ஆண்கள் போய், யாரும் சொல்லாமலே, அதன் பக்கத்தில்தான் குந்துவார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஜில்லா போர்டு தேர்தல் வந்தது. வரி கட்டுகிறவனுக்குத்தான் ஓட்டு. எங்கள் தெருவில் துண்டுப் புஞ்சை வாங்கி வரி கட்டியவர் என் புருஷன் ஒருவர்தான். மணியக்காரரின் தம்பி, இனி ஜனங்கள் ஆட்சி என்று பேசிக்கொண்டு ஓட்டுக்கு நின்றார். எதிரே பூந்தமல்லி வாத்தியார் ஒருவர், சேரிக்குக் கிணறு வெட்டித் தருகிறேன் என்றார். மாடு கலக்கிய ஏரித் தண்ணீரைத்தான் நாங்கள் குடித்தோம். என் மூத்த பெண்ணை வாந்திபேதியில் வாரிக்கொண்டு போனது அந்தத் தண்ணீர். இடுப்பில் சின்னவள் இருந்தாள்.

"பச்சை ஓட்டுப் பெட்டி மணியக்காரரு தம்பிது. மஞ்சப் பெட்டிதான் வாத்தியாருது. மறந்துடாதய்யா," என்றேன்.

"மறப்பனா? போன கொயந்தைய நெனச்சிக்கினே போறேன்."

ஓட்டுப்போட்ட இடமும் அதே சாவடிதான். மணியக்காரர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என் புருஷன் படியிலேயே சட்டையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனார். பாவி, யார் கழற்றச் சொன்னார்கள்?

திரும்பும்போது ஏரிக்கரையில் அவரைக் கேட்டேன்.

"மஞ்சள்லதானே போட்ட?"

"பச்சைல."

"யார்னா மெரட்டினாங்களா?"

"இல்லம்மே. பொட்டிங்க தட்டிக்குப் பின்னால இருந்திச்சி. அங்க நான் ஒண்டிதான்."

"அப்பறம் இன்னாய்யா?"

"மணியக்காரரு பாப்பாரேன்னு..."

"தட்டி மறைச்சிக்கினு இருந்திச்சேய்யா."

"இருந்திச்சி," என்றார்.

அவரை அடித்திருப்பேன். அந்த முகத்தைப் பார்த்துக் கை எழவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனேன். மணியக்காரர் வீட்டு மாடுகள் இறங்கியிருந்தன. அவை கரையேறும்வரை சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன்.