கஜந்தினிக்கு யார் முழிவியளம்?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முழிவியளத்தில் நம்பிக்கை கிடையாது. வீட்டிலிருந்து ஒரு காரியத்துக்குப் புறப்படும்போது முதலில் எதிர்ப்படுகிற முகம் அந்தக் காரியத்தை ஆக்கும் அல்லது கெடுக்கும் என்று மட்டுவிலில் பாதிப் பேர் நம்புகிறார்கள். மீதிப் பாதி, நம்பவில்லை என்று சொல்லிக்கொண்டே படலையைத் திறக்க முன் ஒழுங்கையை எட்டிப் பார்க்கிறது. நான் ஜெசிதா, ஞாயிறு தவறாமல் தேவாலயத்தில் பூசைக்குப் போகிறவள். என்னிடம் இந்தக் கதை எடுபடாது என்று பதினொரு வருடமாகச் சொல்லி வந்தேன்.

சொன்னது கஜந்தினியிடம். சாவகச்சேரி நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் சட்டத்தரணி தியாகராசா சேரின் அலுவலகம் இருக்கிறது. முன் அறையில் இரண்டு மேசைகள். ஒன்றில் நான் காணி உறுதிகளைத் தட்டச்சு செய்கிறேன். மற்றதில் கஜந்தினி. வழக்குக் கோப்பு, தவணைத் திகதி, எல்லைச் சண்டையோடு வருகிறவர்களை முதலில் தண்ணீர் கொடுத்து இருத்துவது எல்லாம் அவள்தான். உயர்தரப் பரீட்சையில் சட்டபீடம் அவளுக்குப் பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளியில் மயிரிழையில் தவறிப் போனது. அடுத்த மாதமே இந்தக் கதிரையில் வந்து உட்கார்ந்தவள், முப்பத்திரண்டு வயது வரை எழும்பவில்லை. சேருக்கு மறந்துபோகிற சட்டப் பிரிவின் இலக்கத்தைக் கோப்பின் மேல் பென்சிலால் சின்னதாக எழுதி நீட்டுவாள். சேர் அதைத் தான் நினைவு வைத்திருந்ததாகவே எண்ணிக்கொண்டு நீதிமன்றம் போவார்.

ஆனால் அவளுடைய ஊரான மட்டுவிலில் அவளுக்குப் பெயர் இதனால் வரவில்லை. ஒருநாள் குழாயடியிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு வந்தபோது, விசா நேர்முகத்துக்குப் புறப்பட்ட பக்கத்து வீட்டுப் பெட்டைக்கு எதிர்ப்பட்டாள். விசா கிடைத்தது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு சாதாரண தரப் பரீட்சை, சாரதி அனுமதிப் பத்திரம், பெண் பார்க்கப் போவது, கண் ஒப்பரேசன் என்று எதற்கும் விடியற்காலையிலேயே ஆள் வரும். "பிள்ளை, ஒருக்கா எதிர்ப்பட்டு விடு." அவளும் முகத்தைக் கழுவி, குடத்தை எடுத்துக்கொண்டு போவாள். ஒருமுறை காணி வழக்கில் அடிபட்ட அண்ணன் தம்பி இரண்டு பேருமே ஒரே காலையில் அவளைக் கூப்பிட்டார்கள். இரண்டு பேருக்கும் எதிர்ப்பட்டாள். வழக்கு அடுத்த தவணைக்குத் தள்ளிப்போனது. இரண்டு பேருமே அதைத் தங்கள் வெற்றி என்று சொல்லி, ஆளுக்கொரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்தார்கள். பழத்தை நாங்கள் ஒரு கிழமை சாப்பிட்டோம்.

போன வருடம் வவுனியாவில் சொந்தக்காரர் கலியாணம் என்று லீவு எடுத்தாள். சில மாதம் கழித்து ஒரு மத்தியானம் சோற்றுப் பார்சலைத் திறந்து வைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள். கலியாணமுமில்லை, வவுனியாவுமில்லை. சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சை எழுதக் கொழும்புக்குப் போய் வந்திருக்கிறாள். பெறுபேறு அன்றுதான் வந்தது. தவறிவிட்டது.

"ஏன் ஒளிச்சனீர்?" என்று கேட்டேன்.

"எல்லாரையும் பாஸ் பண்ண வைக்கிற முகம், தானே பெயில் எண்டால் சனம் என்ன சொல்லும்?"

"சனத்தை விடும். எப்பிடித் தவறினது? உமக்குத் தெரியாத கேள்வியே?"

"எல்லாம் தெரிஞ்ச கேள்விதான். முப்பத்தொரு கேள்விக்கு நான் போகவேயில்லை. அதுக்கிடையிலை மணி அடிச்சிட்டுது. ஒவ்வொண்டையும் மூண்டு தரம் ஒப்புப் பாத்தனான்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. இது எங்கள் அலுவலகத்து வியாதி. ஓர் உறுதியைக் கையெழுத்துக்கு வைக்க முன் ஒருவர் வாசிக்க மற்றவர் ஒப்புப் பார்ப்போம். மூன்று தரம். ஒரு குழி நிலம் கூடிக் குறைந்தாலும் ஒருவருடைய கிணறு இன்னொருவருடைய வளவுக்குள் போய்விடும். பதினொரு வருடம் இப்படிப் பழகிய கண், பரீட்சைத் தாளையும் உறுதி என்று நினைத்துவிட்டது. நல்ல வேலைக்காரியாக இருந்ததுதான் அவள் செய்த பிழை.

"இந்த முறை திரும்ப எழுதும்" என்றேன். "நேரத்தை நான் பாக்கிறன்."

அன்றிலிருந்து எங்கள் மத்தியான இடைவேளை போர்க்களமானது. பழைய வினாத்தாள்களை எடுத்து அவளுக்கு முன் வைப்பேன். கைத்தொலைபேசியில் நேரம் ஓடும். ஒரு கேள்விக்கு நாற்பது வினாடி. நாற்பது ஆனதும் கோடு போடும் அடிமட்டத்தால் மேசையில் ஒரு அடி, "விடும்!" என்று ஒரு சத்தம். முதல் கிழமை அவள் விடவே இல்லை. விரல் தானாகப் பழைய கேள்விக்குப் போகும். நான் அந்தக் கேள்வியைக் கோப்பு மட்டையால் மூடிவிடுவேன். ஒருநாள் என் சத்தத்தில் சேர் உள்ளே இருந்து ஓடி வந்து, யாருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னோம். உள்ளே போனார். பிறகு தன் மேசையில் இருந்த மணிக்கூட்டை எடுத்துக்கொண்டுவந்து எங்கள் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

மூன்றாம் மாதத்தில் ஒரு நாள் முழுத் தாளையும் முடித்துவிட்டு நிமிர்ந்தாள். நான்கு நிமிடம் மிச்சம். இரண்டு பேரும் கதவைச் சாத்திவிட்டுத் துள்ளினோம். எனக்கு நாற்பது வயது, இரண்டு பிள்ளைகளின் தாய். துள்ளியது துள்ளியதுதான்.

அந்தச் சந்தோசத்தில் நான் ஒரு வேலை பார்த்தேன். பஸ்ஸில் அவளுடைய அம்மா மகாதேவியைக் கண்டபோது வாயை அடக்க முடியாமல் சொல்லிவிட்டேன். அடுத்த நாள் மட்டுவில் முழுக்கத் தெரியும். பரீட்சையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் கேட்டது ஒன்றே ஒன்று. கஜந்தினிக்கு யார் முழிவியளம்?

நியாயமான கேள்விதான். ஊருக்கெல்லாம் எதிர்ப்பட்டவள், தனக்குத் தானே எதிர்ப்பட முடியாது. மகாதேவி அக்கா பெயர்ப் பட்டியல் போட்டார். கனடா போய் வந்தவர், மூன்று பிள்ளைகளையும் டொக்டராக்கியவர், சும்மா முகம் மட்டும் இலட்சணமாக இருந்தவர் என்று ஐந்தாறு பேர். சிலர் தாங்களாகவே வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். இந்தத் தெரிவு நடக்க நடக்க கஜந்தினிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வினாத்தாளைக் கண்டால் மறுபடி மூன்று தரம் வாசிக்கத் தொடங்கினாள். எனக்கு என் வாயை ஊசி நூலால் தைக்க வேண்டும் போல இருந்தது.

பரீட்சைக்கு நான்கு நாள் இருக்கும்போது, "ஆளைத் தீர்மானிச்சிட்டன்" என்றாள். "கந்தப்பு அண்ணை."

கந்தப்புவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கஜந்தினி வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி இருக்கிறார், ஐம்பத்தைந்து வயது, தனிக்கட்டை. கத்தரித் தோட்டம். விடியக் காயைக் கட்டிச் சைக்கிளில் சாவகச்சேரிச் சந்தைக்குக் கொண்டுபோவார். எப்போதோ அவர் எதிர்ப்பட்ட ஒரு கலியாண வான் போய் மதகில் மோதியது. சாரதி நித்திரைத் தூக்கத்தில் ஓட்டினான். பழி கந்தப்புவுக்கு. விடியற்காலையில் ஒழுங்கையில் போகிற ஆள் எல்லோருக்கும் எதிர்ப்படத்தானே செய்வார்? கிடைக்காத வேலைக்கும் குழம்பிய சம்பந்தத்துக்கும் அவர் முகமே காரணமாயிற்று. அதனால் அவர் ஒழுங்கை திரும்புகிற ஒவ்வொரு முடக்கிலும் சைக்கிள் மணியை மூன்று தரம் அடிப்பார். புறப்படுகிறவர்கள் கேட்டு உள்ளே போய் நிற்கட்டும் என்று. கல்வயலில் என் வீட்டைத் தாண்டித்தான் அவர் சந்தைக்குப் போகிறார். அந்த மணிச் சத்தத்தில்தான் நான் தினமும் அடுப்பு மூட்டுவேன். அது என்ன சத்தம் என்று யோசித்ததே இல்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

கஜந்தினியும் நானும் அவர் வீட்டுக்குப் போனோம். விஷயத்தைக் கேட்டதும் மனிதர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"பிள்ளை, விசர்க் கதை கதையாதை. நான் அண்டைக்குச் சந்தைக்கே போகமாட்டன். வீட்டுக்கை கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறன்."

"அண்ணை, போன வருசம் சொல்லாமல் போய் எழுதினனான். அண்டைக்கும் நீங்கள்தான் எனக்கு எதிர்ப்பட்டது. நான் சத்தமில்லாமல் வெளிக்கிட்டதாலை மணியைக் கேட்டும் உள்ளுக்கை போய் நிக்கேல்லை."

அவர் முகம் செத்துப்போனது. "அப்ப நான்தான் கெடுத்தனானோ?"

"முப்பத்தொரு கேள்வி விட்டனான். நீங்கள் பரீட்சை ஹோலுக்கை வந்து என்ரை கையைப் பிடிச்சனீங்களோ?"

"இல்லை..."

"அப்ப வழக்கைத் திரும்ப விசாரிக்க வேணும். அதுக்கு அதே ஆள்தான் வேணும். வேறை ஆளைக் கொண்டு வந்தால் என்னத்தை நிரூபிக்கிறது? வாறீங்களோ இல்லையோ?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கத்தரிச் செடியைப் பார்த்தேன். "பிள்ளை, நீ தவறினால்" என்றார் மெதுவாக, "பிறகு நான் இந்த ஊரிலை இருக்கேலாது." கஜந்தினி தலையாட்டினாள். "தெரியும் அண்ணை. அதுதான் பயமாக் கிடக்கு" என்றாள்.

மகாதேவி அக்கா இரண்டு நாள் சமைக்கவில்லை. "உனக்கென்ன விசரோ? ஊரிலை வேறை முகமே இல்லையோ?" என்று புலம்பியபடியே இருந்தார். புறப்படும் நாள் காலையில் ஒழுங்கையின் இரு பக்கமும் வேலிக்கு மேலாகத் தலைகள். கஜந்தினி வலது காலை வைத்துப் படலையைத் தாண்டினாள். அங்கே கந்தப்பு வெள்ளை வேட்டியும் சவரம் செய்த முகமுமாகக் கையில் நிறைகுடத்தோடு நின்றார். குடத்துத் தண்ணீர் வேட்டியில் தளும்பியது. "போட்டு வாறன் அண்ணை" என்றாள் அவள். அவளுக்குத் துணையாக நானும் ரயிலேறினேன்.

மறுநாள் கொழும்பில் பரீட்சை மண்டபத்து வாசலில் நூற்றுக்கணக்கில் பிள்ளைகள். பாதிப் பேர் அவளைவிடப் பத்து வயது குறைந்தவர்கள். கஜந்தினி அனுமதி அட்டையையும் அடையாள அட்டையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று தரம். நான் இரண்டையும் பிடுங்கி அவளுடைய கையில் வைத்து மூடினேன். "விடும்" என்றேன். உள்ளே போய்விட்டாள்.

உள்ளே நடந்ததைப் பிறகு சொன்னாள். முதல் தாள் நல்லபடி போயிற்று. இரண்டாவதில் ஏழாம் கேள்வியில் மனம் பிடித்துக்கொண்டது. திரும்ப வாசித்தாள், திரும்ப வாசித்தாள். தான் தவறினால் அந்த மனிசன் சாகும் வரை மணி அடிப்பார் என்று ஒரு எண்ணம் வந்ததாம். எழுத்துகள் ஓடத் தொடங்கின. அப்போது, படலையடியில் நடுங்கி நின்றவர்களுக்குத் தான் எத்தனையோ தரம் சொன்னது நினைவு வந்தது. "மூச்சை விட்டிட்டு வலக்காலை வையுங்கோ." மேசைக்குக் கீழே வலது காலை ஒரு அடி முன்னால் வைத்தாள். மூச்சை விட்டாள். சிரிப்பு வந்துவிட்டதாம். மேற்பார்வையாளர் ஒரு மாதிரிப் பார்த்தாராம். எட்டாம் கேள்விக்குப் போனாள். பிறகு திரும்பியே பார்க்கவில்லை.

வெளியே வந்தவளின் முகத்தைக் கண்டதும் நான் கேட்கவில்லை. "எல்லாம் தொட்டனான்!" என்று தூரத்திலிருந்தே கத்தினாள். றோட்டோரம் நின்று இரண்டு ஐஸ்கிறீம் சாப்பிட்டோம். ஆளுக்கு இரண்டு.

பெறுபேறு என் கணினியில்தான் வந்தது. அவளுடைய இலக்கத்தைத் தட்டுவதற்குள் எனக்குக் கை நான்கு தரம் பிசகியது. சித்தி! பாஸாகிவிட்டாள்! சேர் கோட்டோடு நீதிமன்றத்திலிருந்து ஓடி வந்தார். கஜந்தினி கதிரையில் இருந்தபடியே வலது காலை முன்னால் நீட்டி, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். இந்த முறை நானும் சேர்ந்து அழுதேன்.

ஊர் என்ன சொன்னது தெரியுமா? "கந்தப்புவின்ரை முகத்தையே வெண்ட ராசி அவளின்ரை ராசி!" எனக்கு வந்த கோபத்தில் நாலு பேருக்காவது நன்றாகக் கொடுத்திருப்பேன். விசாரணை நடந்தது, சாட்சி வந்தது, தீர்ப்பும் வந்தது, ஆனால் குற்றம் சாட்டப்பட்ட எதிரியை விடுதலை செய்ய ஊருக்கு மனமில்லை. அவள் கொழும்புக்குப் போகப் போகிறாள், இனி எங்களுக்கு யார் எதிர்ப்படுவது என்று அதற்குள் கவலைப்படத் தொடங்கிவிட்டார்கள். விடியற்காலையில் மணி மூன்று தரம் அடித்துக்கொண்டுதான் இருந்தது.

எனக்கு ஸ்கூட்டி ஓட்டும் பரீட்சை இரண்டு தரம் தவறியிருந்தது. மூன்றாவது தவணை போன வெள்ளிக்கிழமை. முதல் நாள் நான் கத்தரித் தோட்டத்துக்குப் போனேன்.

"அண்ணை, நாளைக்கு ஆறு மணிக்கு நான் வெளிக்கிடுறன். நீங்கள் எதிர்ப்பட வேணும்."

"நீ வேதக்காரியெல்லோ பிள்ளை? உனக்கு உதிலை நம்பிக்கை இல்லையே?"

"இல்லை அண்ணை. ஆனால் நீங்கள் வர வேணும்."

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குப் படலையைத் திறந்தேன். பக்கத்து வீட்டார் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கந்தப்பு அண்ணை சைக்கிளில் கத்தரிக்காய்க் கூடையோடு முடக்கால் திரும்பி நேராக என்னை நோக்கி வந்தார். மணி அடிக்கவில்லை.