காணாமற்போன பதினேழு நட்சத்திரங்கள்

தாமல் கிராமத்து தேவசகாயத்தின் மகள் சிம்ரனுக்கு ஜாதகம் கிடையாது. ஞானஸ்நானச் சீட்டுதான் உண்டு. அப்படிப்பட்டவளுக்கு வேலை கிடைத்த இடமோ, சின்ன காஞ்சிபுரத்தில் ராம்ப்ரஸாத் நடத்துகிற வரன் தேடும் வெப்சைட். ஊரார் நட்சத்திரங்களை எல்லாம் கம்ப்யூட்டரில் மேய்க்கிற உத்தியோகம்.

அந்த வெப்சைட்டுக்குள்ளே தேடிக் கொடுக்கிற எஞ்சின் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அசுவினியில் இத்தனை பேர், ரோகிணியில் இத்தனை பேர் என்று கூறுபோட்டு எண்ணி, ஓரமாக வரிசை கட்டிக் காட்டும். பெற்றவர்கள் ஒரு நட்சத்திரத்தை அமுக்கினால் அந்த ஜாதகங்கள் மட்டும் வந்து நிற்கும்.

சித்திரையில் எஞ்சினுக்குப் புது வெர்ஷன் போட வேண்டி வந்தது. பழையதில் 'எத்தனை காட்ட வேண்டும்' என்ற இடத்தில் சைபர் போட்டால் 'எல்லாமே' என்று அர்த்தம். யார் வைத்த சட்டமோ! புதியது சைபரைக் கண்டதும் சிவப்பு எழுத்தில் வைதது. சிம்ரன் அந்த வரியையே பிடுங்கி எறிந்தாள். எஞ்சின் வாயை மூடிக்கொண்டது. ஓரத்தில் பத்து நட்சத்திரம் லட்சணமாக நின்றது. வாரத்துக்கு ஏழு நாள், வருஷத்துக்குப் பன்னிரண்டு மாதம், நட்சத்திரம் பத்து என்றால் அவளுக்கு என்ன ஆட்சேபம்? பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

இடி விழுந்தது பெருந்தேவியின் தலையில். அதே ஆபீசில் போன் எடுக்கிறவள். வயது முப்பத்திரண்டு, நட்சத்திரம் மூலம், மாமனாரைக் கொண்டுபோய்விடும் என்று பெயரெடுத்தது. அவள் ஜாதகமும் அந்த வெப்சைட்டில்தான் இருந்தது. ஆடி பிறப்பதற்குள் வரன் அமையாவிட்டால் அத்தை மகன்தான் என்று வீட்டில் முடிவு கட்டியிருந்தார்கள். அத்தை மகனோ, நாற்பது வயதிலும் அம்மா ஆற்றிக் கொடுத்தால்தான் காப்பி குடிக்கிறவன்.

"சிம்ரன், மூணு வாரமா என்னை ஒருத்தரும் கேக்கலைடி. வேண்டாம்னு சொல்லவாவது நாலு பேர் கூப்பிடுவா. இப்போ அதுவும் இல்லை."

"வேணாம்னு சொல்றதுக்கா ஏங்கிக்கினு இருக்கே? நல்லா இருக்குதுக்கா!"

அப்போது போன் அடித்தது. செவிலிமேட்டிலிருந்து பாச்சா, பெண் தேடி அதே வெப்சைட்டில் ஜாதகம் கொடுத்திருக்கிற கணக்கு வாத்தியார்.

"ஏம்மா, நான் ஆயில்யம். சொல்லாம கொள்ளாம என் நட்சத்திரத்தையே எடுத்துட்டேளே?"

பெருந்தேவி திரையைப் பார்த்தாள். ஆயில்யம் இல்லை. கேட்டை இல்லை. மூலமும் இல்லை.

"மொத்தம் எத்தனை இருக்கணும் தெரியுமாடி?"

"பத்து."

"இருபத்தேழுடி!"

சிம்ரன் நாக்கைக் கடித்துக்கொண்டாள். எண்ணிக்கை சொல்லாவிட்டால் புது எஞ்சின் தானாகவே கூட்டம் அதிகமுள்ள பத்தை மட்டும் காட்டுமாம். மூலக்காரர்களில் பாதிப்பேர் பயந்துகொண்டு வேறு நட்சத்திரத்தைச் சொல்லிவிடுகிறார்கள். அங்கே கூட்டம் எப்படிச் சேரும்?

சரி செய்ய உட்கார்ந்தவளை ராம்ப்ரஸாத் தடுத்தார். "இருக்கட்டுமேம்மா. ஆகாத நட்சத்திரம் எல்லாம் கண்ணுல படாம நன்னாத்தான் இருக்கு. பத்தே போறும்."

"உங்க நட்சத்திரம் இன்னா சார்?"

"திருவோணம்."

"அதுவும் இல்ல சார்."

"ஐயையோ! பெருமாள் நட்சத்திரம்மா அது!"

"பெருமாளையும் சேத்துத்தான் சார் தூக்கிட்டுது."

"போடு, போடு. இருபத்தேழையும் போடு!"

சிம்ரன் இருபத்தேழு என்று அடித்தாள். எல்லாம் வந்து நின்றன. பெருந்தேவி பாச்சாவைக் கூப்பிட்டாள்.

"ஆயில்யம் வந்துடுத்து, பாருங்கோ."

"பாத்தேன். கீழே மூலத்துல பெருந்தேவின்னு ஒருத்தர் இருக்காரே, போட்டோவோட. அது நீங்களா?"

"நான்தான். மாமனாருக்கு ஆகாதாம்."

"எங்கப்பா போய் ஆறு வருஷம் ஆச்சு. இனிமே அவரை நீங்க என்ன பண்ணிட முடியும்?"

பெருந்தேவிக்குச் சிரிப்பு பீறிட்டது. "ஆயில்யம் மாமியாருக்கு ஆகாதுன்னு சொல்லுவாளே! எங்கம்மாவைக் கேட்டுண்டு சொல்றேன், துணிவாளான்னு."

மறுநாளும் பாச்சாவிடமிருந்து போன் வந்தது. அதற்கு மறுநாளும். ஒரு நாள் வரிசை சரியில்லை என்றான், ஒரு நாள் எழுத்து சின்னதாக இருக்கிறது என்றான். பெருந்தேவி அரை மணி நேரம் பொறுமையாகக் குறை கேட்டாள்.

ராம்ப்ரஸாத் எரிச்சலோடு வந்து நின்றார். "அந்த ஆயில்யத்துக்கு இன்னும் என்னம்மா கம்ப்ளெய்ண்ட்?"

"தெரியல சார்," என்றாள் சிம்ரன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஞாயித்துக்கெழமை அக்காவே அம்மாவையும் இட்டுக்கினு நேர்ல போயி பாக்கப் போறாங்களாம்."