மண்டபத்தில் பத்து நிமிடம்

கப்பலில் வந்து இறங்கியவளுக்கே கப்பலைப் பற்றிப் பாடம் எடுத்தான் மகேந்திரன். என் கடையில் உட்கார்ந்து, என் டீயைக் குடித்துக்கொண்டே எடுத்தான். எனக்கு வயிறு எரியுமா, எரியாதா?

செண்பகனூர் வளைவில் டீக்கடை வைத்திருக்கும் முருகம்மாள் நான். மன்னவனூரில் பூண்டு போடுகிற குடும்பத்தில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். மாரியாயிக்கு வாயே கிடையாது. அவளுக்கும் சேர்த்து நான்தானே பேச வேண்டியிருக்கிறது?

மாரியாயியை இங்கே சிலோன்காரி என்பார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, லயம் என்கிற வரிசை வீட்டில் வளர்ந்து, கொழுந்து பறித்தவள். எழுபத்து மூன்றில், ‘உங்கள் நாட்டுக்குப் போங்கள்’ என்று கப்பல் ஏற்றிவிட்டார்கள். கண்ணால்கூடப் பார்க்காத நாடு எப்படி அவளுடைய நாடாகும்? அதைக் கேட்க ஒரு நாதி இல்லை. ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கொஞ்ச நாள் கிடந்து, பிறகு இந்தக் கொடைக்கானல் மலையேறினார்கள். அன்றிலிருந்து களை எடுக்கிறாள், கேரட் கழுவுகிறாள், பங்களாத் தோட்டங்களுக்குத் தண்ணீர் விடுகிறாள். பக்கத்து வீட்டில் ஒரு கை உப்புக்கூடக் கேட்டு நான் பார்த்ததில்லை.

முகாமில் அவளுடைய கைக்குழந்தை வயிற்றுப்போக்கில் இறந்துபோனது. ஆண் பிள்ளை. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மணலில் புதைத்துவிட்டு வந்தார்கள். அதன்பிறகு அவளை அங்கே போகவிடவில்லை அவள் புருஷன் பெரியண்ணன். “செத்ததையே நெனச்சுக்கிட்டுக் கெடந்தா இருக்குற பொழப்பும் போயிரும்” என்பான். போன வருடம் அவனும் போய்ச் சேர்ந்தான்.

இந்த வருடம், இரண்டாயிரத்து ஆறு கோடை சீசன் முடிந்ததும், மகேந்திரன் டூர் பேச்சை எடுத்தான். அவன் மாரியாயியின் அடுத்த வீட்டுக் குப்பம்மாளின் மகன். அவனும் அதே கப்பலில், தாய் மடியில் கிடந்து வந்தவன்தான். இப்போது கொடைக்கானலில் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறான். ஊர் ஊரிலிருந்து வருகிறவர்களோடு சுற்றிச் சுற்றிப் பேச்சில் பாதி இங்கிலீஷ்.

“ராமேஸ்வரம், தனுஷ்கோடி எல்லாம் ஃபுல்லா ஹெரிடேஜ்க்கா. பழைய தொறமுகம், லைட் ஹவுஸ், பாம்பன் பாலம். கப்பல்ல வந்த நம்ம சனம் இதெல்லாம் பாக்க வேணாமா?”

தெருப் பெண்களுக்கு வாயெல்லாம் பல். புளியோதரை யார் கட்டுவது, ஜன்னலோரம் யாருக்கு என்று அதற்குள் சண்டையே வந்துவிட்டது. பெஞ்சுக்குப் பின்னால் சாக்கை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்ற மாரியாயி மெல்லக் கேட்டாள்.

“தம்பி, மண்டபம் வழியாத்தானே போகணும்? அங்க ஒரு பத்து நிமிசம் நிப்பாட்டுவியா?”

“மண்டபத்துலயா? அங்க பாக்குறதுக்கு என்ன சித்தி இருக்கு?”

“புள்ள இருக்கான்.”

அத்தோடு அவன் வாயை மூடியிருக்கலாம். மூடினானா?

“பால்குடிப் புள்ளைக்கெல்லாம் திதி கெடையாது சித்தி. யாரைக் கேட்டாலும் அதான் சொல்வாங்க. அந்த மணலு இந்நேரம் எங்க போச்சோ! நீங்க எறங்கி அழுவீங்க, எல்லாருக்கும் மூடு போயிரும். அப்புறம் தனுஷ்கோடியில வெயில் ஏறிரும்.”

மூடாம்! சங்கும் பாசிமணியும் வாங்க அரைமணி நேரம் ஒதுக்கியிருந்தான் இந்தப் புண்ணியவான். எனக்குப் பொறுக்கவில்லை.

“ஏலே, புயல் கொண்டுபோன ஊரைப் பாக்க வண்டி கட்டிக்கிட்டுப் போறீங்க. செத்த புள்ளையப் பாக்க ஒருத்திக்குப் பத்து நிமிசம் கெடையாதா? நீயெல்லாம் மனுசனாலே?”

“நீங்க சும்மா இருங்கக்கா. ஒருத்தருக்கு நிப்பாட்டுனா எல்லாரும் கேப்பாங்க.”

ஒரு பெண்ணாவது எனக்கு ஒத்து ஊத வேண்டுமே! டீ கிளாசுக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள். மாரியாயி, “சரி தம்பி” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். எனக்கு அதுதான் இன்னும் ஆத்திரமாக வந்தது.

“நில்லு மாரி.”

குப்பம்மாள். மூலையில் உட்கார்ந்திருந்தவள், கிளாசைக் கீழே வைத்துவிட்டு மகனைப் பார்த்தாள்.

“டேய், அந்தப் புள்ள செத்தன்னிக்கு நான் காய்ச்சல்ல கெடந்தேன். எனக்குச் சொட்டுப் பால் இல்ல. நீ பசியில வீல்வீல்னு கத்துற. புதைச்சிட்டு வந்தவ குளிச்சிட்டு, ஈரத் துணியோட உன்னத் தூக்கி மார்ல போட்டுக்கிட்டா. மொகாமை விட்டுக் கெளம்புற வரைக்கும் நீ குடிச்சது அந்தப் புள்ளையோட பாலுடா.”

பால் கொடுத்ததைச் சொல்லிக்காட்டினால் குடித்த பிள்ளைக்கு ஆகாது என்பது அவர்கள் நம்பிக்கை. கொடுத்தவளும் சொல்ல மாட்டாள், பெற்றவளும் சொல்ல மாட்டாள். அத்தனை வருடம் சுவருக்குச் சுவர் ஒட்டிய வீட்டில் இருந்துகொண்டு இரண்டு பேரும் மூச்சுவிடவில்லை. ஒரு வார்த்தையில் மாரியாயி அவன் வாயை அடைத்திருக்கலாம். அவளா சொல்வாள்?

மகேந்திரன் எழுந்து நின்றான்.

“நிப்பாட்டுறேன் சித்தி. பத்து நிமிசம் என்ன, நாள் முழுக்க நிப்பாட்டுறேன்.”

மாரியாயி கோபப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். முதலில் குப்பம்மாள் மேல்தான் பாய்ந்தாள்.

“ஏன் குப்பு சொன்ன? அவனுக்கு ஒண்ணுன்னா நீயா பொறுப்பு?”

பிறகு அவனிடம் திரும்பினாள்.

“வேணாம் தம்பி. பசின்னு அழுத, குடுத்தேன். அதுக்குக் கூலியா நிக்கிற வண்டி எனக்கு வேணாம். செத்த புள்ளையப் பெத்தவ கேக்குறாளேன்னு நிப்பாட்டியிருந்தா ஏறியிருப்பேன். நாளைக்கு வெள்ளனே பஸ்ஸு இருக்கு. நான் போயிக்குவேன்.”

சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு சாலையில் இறங்கி நடந்தாள். குப்பம்மாளும் எழுந்து, மகனைப் பார்க்காமல் அவள் பின்னாலேயே போனாள்.

“அம்மா” என்று கூப்பிட்டான் மகேந்திரன்.

இரண்டு பேருமே திரும்பிப் பார்க்கவில்லை.